சொல்லும் பொருளும்: கேட்டலிஸ்ட்

சில ஆங்கிலச் சொற்கள் நம் வீட்டுக்கு வந்து சேரும் விதமே ஒரு வேடிக்கை. ரஸாயனக் கூடத்திலே பிறந்து, கண்ணாடிக் குழாய்களுக்கும் அமிலப் புட்டிகளுக்கும் நடுவே ஒரே பொருளோடு ஒழுங்காக வாழ்ந்துகொண்டிருந்த ஒரு சொல், திடீரென்று ஒரு நாள் கதவைத் திறந்துகொண்டு தெருவுக்கு வந்துவிடுகிறது. பிறகு அதைப் பிரசங்க மேடையிலே காண்கிறோம்; பத்திரிகைத் தலையங்கத்திலே காண்கிறோம்; உத்தியோகத்துக்கு மனுப் போடும் வாலிபர்களின் விண்ணப்பங்களிலே காண்கிறோம். கல்யாணப் பத்திரிகையில் மட்டுந்தான் இன்னும் காணவில்லை. 'கேட்டலிஸ்ட்' என்பது அப்படிப்பட்ட ஒரு சொல்.

சென்ற வாரம் பக்கத்து வீட்டுப் பெண் கையில் நான்கு தாள்களுடன் நம்மிடம் வந்தாள். சரித்திரத்தில் பட்டம் பெற்றவள். சீமையிலுள்ள ஒரு சர்வகலாசாலையில் மேற்படிப்புக்காக உபகாரச் சம்பளம் கேட்டு விண்ணப்பம் எழுதுகிறாள். தன்னைப்பற்றித் தானே ஒரு கட்டுரை எழுதி அதனுடன் சேர்க்கவேண்டுமாம்.

"மாமா, இதில் ஒரு வாக்கியம் சரிதானா என்று பாருங்கள். என் வாழ்க்கைக்கு அம்மாதான் கேட்டலிஸ்ட் என்று எழுதியிருக்கிறேன்" என்றாள்.

கூடத்தில் உட்கார்ந்திருந்த நம் வீட்டுப் பாட்டியம்மாளின் காதில் இது பாதிதான் விழுந்தது. "என்ன, கேட்ட லிஸ்டா? மளிகைக் கடைக்குத்தானே? அதில் அரைக் கிலோ பெருங்காயம் என்று எழுதியிருந்தால் அடித்துவிடு, ஐம்பது கிராம் போதும்" என்றாள்.

பெண் சிரித்துவிட்டாள். நமக்குச் சிரிப்பு வந்தாலும் அந்த வாக்கியத்தைவிட்டுக் கண் அகலவில்லை. இலக்கணத்தில் பிழை இல்லை. ஆங்கிலம் அழகாகவே இருந்தது. ஆனால் அந்தப் பெண்ணின் தாயாரை நாம் பல ஆண்டுகளாக அறிவோம். அவளைப் பற்றி அந்தச் சொல் சொல்லும் செய்தி உண்மைதானா என்ற சந்தேகம் மனத்தில் எழுந்தது. "உட்கார், அம்மா. முதலில் அந்தச் சொல் பிறந்த வீட்டைப் போய்ப் பார்த்து வருவோம்" என்றோம். அன்று மாலை அவளிடம் சொன்னதையே இந்த வாரம் நேயர்களுக்கும் சொல்லுகிறோம்.

* * *

சொல் பிறந்த வீடு ஸ்வீடன் தேசத்தில் இருக்கிறது. பெர்ஸீலியஸ் என்ற மகா நிபுணர் அங்கே ரஸாயன சாஸ்திரத்தை வளர்த்தவர். மூலகங்களை ஒன்றிரண்டு எழுத்துக்களால் குறிக்கும் வழக்கத்தை நிலைநாட்டியவரும் அவரே. ஐரோப்பா முழுவதிலும் அந்தந்த ஆண்டில் நடந்த ஆராய்ச்சிகளைத் தொகுத்து எழுதுவது அவருடைய வழக்கம். அப்படித் தொகுக்கும்போது, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாததுபோல் தோன்றிய சில அதிசயங்களில் ஒரு பொதுத் தன்மை இருப்பதை அவர் கண்டார்.

அந்த அதிசயங்களில் ஒன்று, 1823ல் ஜெர்மனியில் ஜேனா நகரத்தில் டோபரைனர் என்பவர் செய்து காட்டியது. பிளாட்டினம் என்ற விலையுயர்ந்த உலோகத்தைப் பஞ்சுபோல் நுண்ணிய துளைகள் உள்ளதாக ஆக்கி வைத்துக்கொண்டு, அதன்மீது ஹைட்ரஜன் வாயுவைப் பீச்சினார். நெருப்பும் இல்லை, பொறியும் இல்லை. உலோகம் பழுக்கக் காய்ந்து, வாயு குப்பென்று பற்றிக்கொண்டது. ஹைட்ரஜனும் காற்றிலுள்ள பிராணவாயுவும் சேர்ந்து நீராவியாயின. பிளாட்டினமோ இருந்தபடியே இருந்தது. தீக்குச்சி வழக்கத்துக்கு வராத காலம் அது. ஆகவே இந்த உபாயத்தை வைத்து விளக்கேற்றும் கருவிகள் செய்து விற்றார்கள்; பல வீடுகளில் அவை மேஜைமீது வீற்றிருந்தன.

அதற்கு முன்பே, 1817ல், இங்கிலாந்தில் ஹம்ப்ரி டேவி சுரங்க விளக்கைப் பற்றிய ஆராய்ச்சியின்போது, தீயில்லாமலே பிளாட்டினக் கம்பி வாயுவில் செந்தணலாய் ஒளிர்வதைக் கண்டிருந்தார். ருஷ்யாவில் கிர்க்காப் என்பவர் மாவுப் பொருளைச் சிறிது அமிலத்துடன் கொதிக்க வைத்தால் சர்க்கரையாவதையும், அமிலம் செலவாகாமல் அப்படியே எஞ்சுவதையும் கண்டிருந்தார்.

இவற்றையெல்லாம் ஒரே நூலில் கோத்து, 1835ல் பெர்ஸீலியஸ் 'கேட்டலிஸிஸ்' என்று பெயரிட்டார். கிரேக்க மொழியில் அதற்குக் கட்டவிழ்த்தல், தளர்த்திவிடுதல் என்று பொருள். அந்தச் செயலைப் புரியும் பொருளுக்குக் 'கேட்டலிஸ்ட்' என்ற பெயர் பின்னாலே வந்தது. தமிழில் இதை 'வினையூக்கி' என்கிறோம். 'கிரியா ஊக்கி' என்றும் சொல்வதுண்டு.

இதை வீட்டிலேயே பார்க்கலாம். புண்ணைக் கழுவ மருந்துக் கடையில் விற்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடு என்ற திராவகம் புட்டியில் இருக்கும்போது தண்ணீரைப்போல் சாதுவாக இருக்கும். உண்மையில் அது உள்ளூறச் சிறிது சிறிதாகப் பிராணவாயுவும் நீருமாகப் பிரிந்துகொண்டுதான் இருக்கிறது. மாதக் கணக்கில் ஆகும் காரியம் அது. ஒரு கிண்ணத்தில் சிறிது ஊற்றி, அதிலே பச்சை உருளைக்கிழங்குத் துண்டு ஒன்றைப் போடுங்கள். நுரை பொங்கி எழும். கிழங்கிலுள்ள ஒரு நுண்பொருள்தான் அதற்குக் காரணம். அதன் ஒரே ஓர் அணுத்திரள் ஒரு விநாடியில் லட்சக் கணக்கான பெராக்ஸைடு திரள்களைப் பிரித்துத் தள்ளிவிட்டு, அடுத்ததற்குத் தயாராக நிற்கிறது. வெறும் சோற்றை விழுங்காமல் வாயிலேயே நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டுகிறதல்லவா? உமிழ்நீரிலும் அப்படி ஒரு வினையூக்கி இருக்கிறது.

* * *

"சரி மாமா, ஒரு காரியத்தை வேகமாக நடத்தி வைப்பதற்குக் கேட்டலிஸ்ட் என்று பெயர். அவ்வளவுதானே?" என்றாள் பெண்.

அவ்வளவுதான் என்று நினைப்பதில்தான் ஆபத்து. பெர்ஸீலியஸ் பெயரை வைத்தார். அதற்கு இலக்கணத்தை வகுத்தவர் ஆஸ்ட்வால்ட். இந்த ஆராய்ச்சிக்காகவே 1909ல் நோபல் பரிசு பெற்றவர். அவரும் பின்வந்தவர்களும் கண்ட இலக்கணத்தில் நான்கு அம்சங்கள் உண்டு.

முதலாவது: நடக்க இயலாத வினையை வினையூக்கி நடத்தி வைக்காது. இயல்பிலேயே நடக்கக்கூடிய, ஆனால் ஏதோ தடையினால் தயங்கி நிற்கிற வினையைத்தான் விரைவுபடுத்தும். கோயம்புத்தூரிலிருந்து மேற்கே மலையாள தேசத்துக்குப் போகவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நடுவே மேற்குத் தொடர்ச்சி மலை வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. அதைத் தாண்ட எத்தனை பேருக்குத் தெம்பு உண்டு? ஆனால் பாலக்காட்டுக் கணவாய் என்ற ஒன்று இருக்கிறது. அதன் வழியே ரயிலும் போகிறது, மாட்டு வண்டியும் போயிற்று. கணவாய் கோயம்புத்தூரை உயர்த்தவில்லை, பாலக்காட்டைத் தாழ்த்தவும் இல்லை. இடையிலிருந்த ஏற்றத்தை மட்டும் குறைத்தது. வினையூக்கி செய்வது இதுதான்.

இரண்டாவது: அது இரு பக்கமும் திறந்த கணவாய். அங்கிருந்து இங்கு வருவதையும் அதே அளவுக்கு எளிதாக்கும். எந்தப் பக்கம் போவது நல்லது என்ற நியாயம் அதற்குத் தெரியாது.

மூன்றாவது: வினை முடிந்தபின் அது தன் பழைய நிலைக்கே திரும்புகிறது. 'வினையூக்கி கலந்துகொள்ளாமல் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்க்கும்' என்று பள்ளிக்கூடத்தில் சிலர் படித்திருப்பார்கள். அது தவறு. அது கலந்துகொள்ளத்தான் செய்கிறது. ஒரு பொருளோடு கைகோத்து, அதை இன்னொன்றின் கையில் ஒப்படைத்து, பிறகு தன் கையை விடுவித்துக்கொள்கிறது.

பதினேழு ஒட்டகக் கதையை நேயர்கள் அறிவார்கள். தந்தை பதினேழு ஒட்டகங்களை விட்டுப்போனார். மூத்தவனுக்குப் பாதி, நடுப்பிள்ளைக்கு மூன்றில் ஒரு பங்கு, இளையவனுக்கு ஒன்பதில் ஒரு பங்கு. பிள்ளைகள் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். பெரியவர் ஒருவர் தம் ஒட்டகத்தையும் கொண்டுவந்து சேர்த்தார். பதினெட்டில் ஒன்பது, ஆறு, இரண்டு என்று பங்கு போயிற்று, கூட்டினால் பதினேழு. பெரியவர் தம் ஒட்டகத்தின்மீது ஏறிக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தார். அந்தப் பதினெட்டாவது ஒட்டகம்தான் வினையூக்கி. கணக்கிலே நுழைந்தது, கணக்கு முடிந்ததும் கயிறு சேதமில்லாமல் வெளியே வந்தது.

நான்காவது: அதே வினையூக்கி அடுத்த வினைக்கும், அதற்கடுத்ததற்கும் உதவும். ஆகையால் சிறிதளவே போதும்.

இங்கே பெண் ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "அப்படியானால் பாலுக்கு ஊற்றும் உறைமோரும் கேட்டலிஸ்ட்தானே? ஒரு கரண்டி ஊற்றினால் ஒரு படி பால் தயிராகிவிடுகிறதே!"

இல்லை. பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் இரண்டும் வேறு. உறைமோரில் இருப்பவை உயிருள்ள கிருமிகள். அவை பாலைத் தின்று, பெருகி, பால் முழுவதும் தாமாகவே நிறைந்துவிடுகின்றன. ஊற்றிய கரண்டி மோரைத் தயிரிலிருந்து திரும்ப எடுத்துத் தர முடியுமா? முடியாது. ஒரு கருத்து ஊரெல்லாம் பரவி எல்லோரையும் தன் மயமாக்கினால் அதற்கு உவமை உறைமோர், வினையூக்கி அல்ல.

ஜப்பானியர்கள் இந்தப் பொருளுக்கு வைத்திருக்கும் பெயர் நமக்கு மிகவும் பிடித்தது. அவர்களுடைய சொல்லில் இரண்டு எழுத்துக்கள். ஒன்றுக்குத் தொடுதல் என்று பொருள். மற்றது கல்யாணத் தரகரைக் குறிக்கும் சொல்லில் வருவது. தொட்டுச் சேர்த்து வைக்கும் தரகர்! மணமகனும் மணமகளும் வாழ்க்கையில் ஒன்றுபடுகிறார்கள். தரகர் குடையை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் புறப்படுகிறார். கூலி வாங்கிக்கொள்வது ஒன்றுதான் இலக்கணத்துக்குப் புறம்பானது.

கிரேக்கன் கட்டவிழ்த்தல் என்றான். ஜப்பானியன் தரகு என்றான். நாம் ஊக்கி என்கிறோம். மூன்றில் ஒன்றும் பொய்யல்ல. ஆனால் நம்முடைய சொல்லில் ஒரு சிறு வழுக்கல் இருக்கிறது. ஊக்குதல் என்றால் உற்சாகப்படுத்துதல், தூண்டுதல் என்று மனம் ஓடுகிறது. உண்மையில் அது தள்ளுவதில்லை, தடையைத் தளர்த்துகிறது. 1916லேயே சேலத்தில் ராஜாஜி முதலியோர் சாஸ்திரச் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று ஒரு சங்கம் அமைத்தார்கள். அன்று முதல் சொல்லாக்கம் செய்கிறவர்கள் எல்லாரும் இந்தத் தராசைக் கையில் பிடித்துக்கொண்டுதான் வேலை செய்யவேண்டியிருக்கிறது.

* * *

இனி, சொல் தெருவுக்கு வந்த கதை.

1919ல் எலியட் என்ற ஆங்கிலக் கவி, கவிஞனுடைய மனம் எப்படி வேலை செய்கிறது என்பதை விளக்க ஒரு கட்டுரையில் பிளாட்டினத்தை உவமையாகக் கொண்டுவந்தார். இரண்டு வாயுக்கள் பிளாட்டினத்தின் முன்னிலையில் கூடி அமிலமாகின்றன. அமிலத்தில் பிளாட்டினம் துளியும் இல்லை. அதுபோலக் கவிஞன் மனத்திலே அநுபவங்கள் கூடிக் கவிதையாகின்றன. கவிதையில் கவிஞனுடைய சொந்த வாழ்வு தெரியவேண்டியதில்லை என்பது அவர் வாதம். உவமை பிரசித்தமாயிற்று. ஆனால் அதிலே ஒரு வேடிக்கை. எலியட் சொன்ன வாயுக்கள் சேர்ந்தால் கிடைப்பது கந்தகத்தின் மூவாக்ஸைடு. தண்ணீரோடு அது கந்தகாமிலமாகும். எலியட் குறிப்பிட்டதோ அதைவிடப் பிராணவாயு குறைந்த வேறோர் அமிலம். பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மகாகவிக்கே ரஸாயனத்தில் கால் இடறிற்று என்றால், விண்ணப்பம் எழுதும் சிறு பெண்ணை நாம் குறை சொல்வதற்கில்லை.

எலியட்டுக்கு அமிலத்தின் பெயர்தான் தவறிற்று. வினையூக்கியின் இலக்கணம் தவறவில்லை. இன்று எழுதுகிறவர்களுக்கோ இலக்கணமே தவறுகிறது. ஒரு காரியத்துக்கு முன்னே எது நின்றாலும் அது 'கேட்டலிஸ்ட்'. 1914 ஜூன் 28ந் தேதி ஸரயேவோ நகரில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்றார்கள். அதுவே முதல் மகா யுத்தத்தின் 'கேட்டலிஸ்ட்' என்று எழுதுகிறார்கள். அது தீப்பொறி, வினையூக்கி அல்ல. பொறி ஒரு தடவை விழும், விழுந்து அணையும், பிறகு வெடிமருந்து தானே எரியும். இந்த வித்தியாசத்துக்குத் தமிழில் சொல் இல்லாமல் போகவில்லை. பொறி இருக்கிறது, தூண்டுகோல் இருக்கிறது, வித்து இருக்கிறது, உறை இருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமான காரணத்தைக் காட்டும். எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டு ஒரே ஆங்கிலச் சொல்லை உட்கார வைத்தால், ஐந்து சாவிகளை எறிந்துவிட்டு ஒரு சாவியால் எல்லாப் பூட்டையும் திறக்க முயன்ற கதையாகும்.

நம் முன்னோர்கள் காரணத்தை மூன்றாகப் பிரித்தார்கள். குடத்துக்கு மண் முதற்காரணம். சக்கரமும் தண்டும் துணைக்காரணம். குயவன் நிமித்த காரணம். மண் குடமாகவே மாறிவிடுகிறது. சக்கரம் குடத்தில் இல்லை. அடுத்த குடத்துக்குக் காத்திருக்கிறது. வினையூக்கிக்கு மிக அண்மையில் இருப்பது இந்தத் துணைக்காரணந்தான். பெண்ணிடம் இதைச் சொன்னபோது அவள் ஒன்றும் பேசாமல் தன் தாளில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

வினையூக்கி என்றால் நல்லது என்று நினைப்பதும் மற்றொரு பிழை. ஜெர்மனியில் ஹாபரும் பாஷும் இரும்பை வினையூக்கியாகக் கொண்டு, காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக்கும் வழியைத் தொழிற்சாலைக்குக் கொண்டுவந்தார்கள். சரியான வினையூக்கியைத் தேடி மிட்டாஷ் என்பவர் ஆயிரக் கணக்கான பரிசோதனைகள் செய்தார். 1913ல் ஓப்பாவ் என்ற இடத்தில் தொழிற்சாலை ஓடத் தொடங்கிற்று. அந்த அம்மோனியாவிலிருந்து உரம் வந்தது. இன்று உலக மக்களில் ஏறக்குறையப் பாதிப் பேருடைய சோறு அவ்வித உரத்தைச் சார்ந்திருக்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அதே அம்மோனியாவிலிருந்து முதல் மகா யுத்தத்தில் வெடிமருந்தும் வந்தது. இரும்புக்கு இரண்டும் ஒன்றே.

வானத்தின் உயரத்தில் சூரியனுடைய தீய கதிர்களைத் தடுக்கும் ஓஸோன் படலம் இருக்கிறது. குளிர்ப்பெட்டிகளில் உபயோகித்த சில வாயுக்களிலிருந்து பிரியும் குளோரின் அணு அங்கே வினையூக்கியாகி, தான் குறையாமலே ஆயிரமாயிரம் ஓஸோன் திரள்களை அழிக்கிறது என்பதை 1974ல் மொலீனா, ரௌலண்ட் என்ற இருவர் எடுத்துக் காட்டினார்கள். 1987ல் மான்ட்ரியல் நகரில் உலக நாடுகள் அவ்வாயுக்களைக் கட்டுப்படுத்த உடன்படிக்கை செய்துகொண்டன. ஆகவே ஒருவரைக் 'கேட்டலிஸ்ட்' என்று சொல்லிவிட்டால் அவரைப் புகழ்ந்துவிட்டோம் என்று எண்ணவேண்டாம். எதற்கு வினையூக்கி என்பதே கேள்வி.

* * *

"அப்படியானால் மனிதர் யாரையுமே கேட்டலிஸ்ட் என்று சொல்லக்கூடாதா?" என்று பெண் சற்றுச் சலித்துக்கொண்டாள்.

தாராளமாகச் சொல்லலாம். பொருத்தமான ஒருவரைக் காட்டுகிறோம். சென்னைத் துறைமுகக் காரியாலயத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமாநுஜன் 1913ல் கேம்பிரிட்ஜில் இருந்த ஹார்டிக்குத் தம் கணிதங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்து அழைத்தார். ராமாநுஜனிடம் மேதை இருந்தது. ஹார்டியிடம் ஆவல் இருந்தது. இருந்தும் காரியம் நகரவில்லை. கடல் கடக்கும் ஆசாரத் தடை, பணத் தடை, அந்நிய நாட்டில் சாப்பாடு முதலியவற்றைப் பற்றிய அச்சம் எல்லாம் மலைபோல் நின்றன.

1914ன் தொடக்கத்தில் நெவில் என்ற இளங் கணித ஆசிரியர் கேம்பிரிட்ஜிலிருந்து சென்னைக்குப் பிரசங்கங்கள் செய்ய வந்தார். ஹார்டி அவரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்திருந்தார். நெவில் ராமாநுஜனைச் சந்தித்தார். ஆசாரத் தடை அதற்குள் தளர்ந்திருந்தது. எஞ்சிய அச்சங்களை அவர் பேசித் தீர்த்தார். பண உதவி வேண்டிச் சென்னைச் சர்வகலாசாலைக்குக் கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம் கிடைத்தது. 1914 மார்ச் 17ந் தேதி கப்பல் புறப்பட்டது. அதன்பின் பிறந்த தேற்றங்களில் ராமாநுஜன் பெயர் இருக்கிறது. ஹார்டி பெயர் இருக்கிறது. அவற்றை வாசிக்கிறவர்களுக்கு நெவில் பெயர் தெரியவேண்டியதில்லை. அவர் தம் கணிதத்துக்குத் திரும்பினார்.

மேதையை அவர் படைக்கவில்லை, ஆவலையும் படைக்கவில்லை, இடையிலிருந்த மலையைக் கணவாயாக்கினார். இதுதான் வினையூக்கி. இந்தச் சொல் அவரைக் குறைக்கவும் இல்லை, மிகைப்படுத்தவும் இல்லை. உள்ளதை உள்ளபடி சொல்லுகிறது.

பெண் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "எனக்கும் அப்படி ஒருவர் உண்டு, மாமா. பத்தாம் வகுப்பு முடிந்ததும் படிப்பை நிறுத்திவிடலாம் என்று பெரியப்பா சொன்னார். தலைமை ஆசிரியை ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். காப்பி குடித்தார்கள். கால் மணி நேரந்தான் பேசினார்கள். பெரியப்பா சரி என்றுவிட்டார். மறுநாள் இன்னொரு பெண்ணின் வீட்டுக்குப் போனார்களாம். வருஷா வருஷம் அப்படிப் போவார்களாம்!"

"உனக்குப் படிக்க ஆசை இருந்தது, உன் தாயாருக்குப் படிக்க வைக்க ஆசை இருந்தது. குறுக்கே நின்றது ஒரு தடை. அந்த அம்மாள் அதை நீக்கினாள். மறுநாள் அடுத்த வீட்டுக்குப் போனாள். சந்தேகமே வேண்டாம், அந்த வாக்கியத்தை அவளுக்குக் கொடு."

"அம்மாவுக்கு?"

இங்கேதான் நாம் சற்றுத் தயங்கவேண்டியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு எட்டு வயதாகும்போது தகப்பனார் காலமானார். அன்று முதல் அந்த வீட்டுத் தையல் மெஷினின் சத்தம் நடுநிசி வரையில் நமக்குக் கேட்டுக்கொண்டிருக்கும். முதலில் கைவளையல்கள் போயின. பிறகு கழுத்துச் சங்கிலி. பிறகு கண் பார்வையில் பாதி. மூக்குக் கண்ணாடியின் கனம் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே வந்ததை நாமே பார்த்திருக்கிறோம்.

"குழந்தாய், வினையூக்கி என்றால் முடிவில் இருந்தபடியே இருப்பது. உன் தாயார் இருந்தபடியா இருக்கிறாள்?" என்று கேட்டோம்.

அவள் உடனே பதில் சொல்லவில்லை. சரித்திரம் படித்த பெண் அல்லவா, சிறிது நேரம் கழித்து எதிர்வாதம் செய்தாள். "கேட்டலிஸ்டும் பழுதாவதுண்டு என்று வாசித்திருக்கிறேனே. மோட்டார் காரின் புகைக் குழாயில் வைக்கும் பிளாட்டினம், பெட்ரோலில் ஈயம் இருந்தால் கெட்டுவிடும் என்பதால்தானே ஈயமில்லாத பெட்ரோல் வந்தது?"

உண்மைதான். வினையூக்கிக்கும் விஷம் உண்டு. நம் நாட்டில் 2000ஆம் ஆண்டோடு ஈயப் பெட்ரோலை நிறுத்தியதற்கு மக்களின் ஆரோக்கியம் ஒரு காரணம். இதுவும் ஒரு காரணம். பிறருக்கு உதவியாக நிற்கிறவர்களின்மேல் ஈயம்போல் வந்து படியும் அலட்சியத்தையும் அவதூறையும் நினைத்தால் இந்த உவமைகூடப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நேரக்கூடாத விபத்து. கணக்கின்படி வினையூக்கி செலவாக வேண்டிய பொருள் அல்ல. ரஸாயனச் சமன்பாடு எழுதும்போது இடப் பக்கத்திலே செலவாகும் பொருள்களை எழுதுகிறோம். வலப் பக்கத்திலே விளைந்ததை எழுதுகிறோம். வினையூக்கியை அம்புக்குறியின் தலைக்குமேல் எழுதுகிறோம். உன் தாயாருடைய இடம் அம்புக்குறியின்மேல் அல்ல, இடப் பக்கத்தில். அவள் சக்கரம் அல்ல, மண். வளையலும் தூக்கமும் கண்ணும் போன இடத்திலே நீ வந்திருக்கிறாய். அவளை வினையூக்கி என்று எழுதினால் 'என் தாய்க்கு இதில் ஒரு செலவும் இல்லை' என்று உனக்குத் தெரியாமலே கையெழுத்துப் போட்டதாகும்.

பெரிய மேடைகளிலும் இதே பிழை நடக்கிறது என்பதுதான் நம்முடைய கவலை. உழைத்துத் தேய்ந்தவர்களைத் தூண்டுகோல் என்றும், தீ வைத்தவர்களை வெறும் சந்தர்ப்பம் என்றும் எழுதிவிட்டால், யார் கொடுத்தார்கள், யார் எடுத்தார்கள் என்ற கணக்கே மறைந்துவிடும். அந்நியச் சொல்லைக் கற்பது தவறல்ல. அதன் நேர்ப்பொருளைத் தெரிந்துகொள்ளாமல் உருவகத்தை மட்டும் கடன் வாங்குவதுதான் தவறு. கடன் வாங்கிய பாத்திரத்தின் அளவு தெரியாமல் அதில் அளந்து கொடுத்தால், குறைவது பிறருடைய பங்காகவே இருக்கும்.

பெண் எழுந்து போனாள். மறுநாள் காலையில் திருத்திய தாளைக் கொண்டுவந்து காட்டினாள். தலைமை ஆசிரியையைப் பற்றி இரண்டு வாக்கியம்; அதில் 'கேட்டலிஸ்ட்' கம்பீரமாக உட்கார்ந்திருந்தது. தாயாரைப் பற்றி உவமை ஒன்றும் இல்லை. 'என் தாய் இரவு முழுவதும் துணி தைத்து என்னைப் படிக்க வைத்தாள். அவளுடைய கண் பார்வை குறைந்துவிட்டது. அவள் தன் வளையல்களைத் திரும்ப வாங்கவில்லை' என்று சாதாரண ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். நமக்குத் திருத்த ஒன்றும் தோன்றவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்தோம்.

கூடத்திலிருந்து பாட்டியம்மாள் கேட்டாள்: "லிஸ்ட் சரியாகிவிட்டதா?"

"சரியாகிவிட்டது, பாட்டி. விட்டுப்போன சாமான்களையெல்லாம் எழுதிவிட்டேன்" என்றாள் பெண்.